அவலமும் மர்மமும்

ஒரு படைப்பினுள்ளே பல சுவைகள் விரவி வருதல் இயல்பேயாம். பல்வகைப் பண்டங்களும் சரக்குகளும் கூடியவழி உணவிலே சுவை பிறக்குமாறு போலப் பல்வகை உணர்ச்சிகள் கூடியவழி நாடகத்திலே சுவை பிறக்கின்றது என்று பரத முனிவர் நாட்டிய சாத்திரத்தில் உவமை கூறினர். எனினும், நல்ல பண்டங்கள் இரண்டினை ஒரே கலத்திலே இட்ட மாத்திரத்தால் நல்ல உணவு அமைந்துவிடாது என்பது அடுக்களையறிவுடையார் அனைவரும் அறிந்ததாகும். எதனை முதலாகக் கொள்வது, எதனை அதற்குத் துணையாக்குவது, எதனை எவ்வளவிற் சேர்ப்பது என்னும் அளவறிவே சமைப்போனுக்கும் கலைஞனுக்கும் வேண்டப்படுவது.

இவ்வளவறிவு பிறழ்ந்தவழி நேரும் குறையினை விளக்குதற்கு ஆங்கிலத் திரைப்படம் ஒன்று தக்க சான்றாக அமைந்துள்ளது. 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி லவ்லி போன்ஸ்’ என்பது அப்படம். அப்பெயரை ‘அழகிய என்புகள்’ எனத் தமிழில் வழங்கலாம். அமெரிக்க எழுத்தாளர் அலிஸ் சீபோல்ட் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலைத் தழுவி, நியூசிலாந்தைச் சேர்ந்த பீற்றர் ஜாக்சன் அதனை நெறிப்படுத்தினர். ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் மூன்று பெரும்படங்களால் உலகப் புகழெய்திய அந்நெறியாளரிடம் தொழிற்றிறன் குறைவென்று எவரும் கூறார். நடிகரும் தேர்ந்தவரே. அங்ஙனமிருந்தும் படம் உள்ளத்தில் ஆழ ஊன்றாது போனமைக்குக் காரணம் யாது? அவலத்தை முதலாகக் கொண்ட கதையினுள்ளே மர்மக் கதையின் உறுப்புக்கள் தம் எல்லை கடந்து நுழைந்தமையே காரணமென்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

முதற்கண் கதையைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே சாமன் என்னும் குடும்பத்தினர் வாழ்கின்றனர். தந்தை ஜக், தாய் அபிகேல், மூத்த மகள் சூசி, அவளுக்கு இளையவள் லின்சி, கடைக்குட்டி பக்லி. 1973 ஆம் ஆண்டு டிசெம்பர் 6 ஆம் நாள், பதினான்கு வயதினளாகிய சூசி, பாடசாலையினின்றும் சோளவயலினூடாக வீடு திரும்புகின்றாள். அயல்வீட்டுக்காரனாகிய ஜோர்ஜ் ஹார்வி, தான் வயலிலே தோண்டி அமைத்த நிலவறையைக் காட்டுவதாகக் கூறி அவளை அழைத்துச் சென்று கொலை செய்கின்றான். காவற்றுறையினர் தேடுகின்றனர். அவளுடைய தொப்பி கிடைக்கின்றது, உடல் கிடைக்கவில்லை. சூசியோ மண்ணுலகுக்கும் விண்ணுலகுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் நின்று, தன் குடும்பம் சிதைவதையும் மெல்ல மெல்ல மீள்வதையும் கண்டு கதை சொல்லுகின்றாள். தந்தை கொலைஞனைத் தேடுவதிலே தன்னை இழக்கின்றான். தாய் வீட்டைத் துறந்து தொலைவிலுள்ள கலிபோர்னியாவுக்குச் செல்கின்றாள். பாட்டி வந்து வீட்டை நடத்துகின்றாள். தங்கை, அக்காள் எட்டாத வயதினை எட்டுகின்றாள்.

இச்சுருக்கத்தை நோக்குவார்க்குக் கதையின் பொருள் கொலையன்று, கொலைக்குப் பின் எஞ்சியிருப்போரின் வாழ்வே என்பது தெளிவாகும். நூலின் பெயரும் அதனையே உணர்த்துகின்றது. ‘என்புகள்’ என்றது இறந்த சிறுமியின் எலும்புகளை மாத்திரங் குறித்ததன்று. அவள் இல்லாமையைச் சுற்றி, உடம்பினுள்ளே என்புக்கூடு வளர்தல்போல, எஞ்சியோரிடையே வளர்ந்த உறவுகளையே அது குறிக்கின்றது.

இனி, அவலமும் அச்சமும் ஒன்றற்கொன்று பகையாமோ என்பது ஆராயற்பாலது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் இழவினையும் ஒன்றாக வைத்தார். தாய் தந்தை முதலாய சுற்றத்தாரையும் இன்பம் பயக்கும் பொருள்களையும் இழத்தலே இழவென்பர் உரையாசிரியர். அச்சம் பிறக்கும் நிலைக்களன்களுள் கள்வரையும் ஒருவராக அவர் எண்ணினர். அயலானாக நகைத்து நின்று உயிரைக் கவரும் ஹார்வி அக்கள்வரினத்தைச் சேர்ந்தவனே. ஆகவே இழவும் கள்வனும் ஒரு கதையில் ஒருங்கே வருதல் இலக்கணத்துக்கு முரணன்று. மேலை நாட்டு அரிஸ்டோட்டிலும், துன்பியல் நாடகத்தின் பயன் இரக்கமும் அச்சமும் தோற்றுவித்தல் என்று அவ்விரண்டையும் இணைத்தே கூறினர். பிறர்க்கு நேர்ந்த துன்பத்தைக் கண்டு இரங்கும் உள்ளம், அது தனக்கும் நேரக்கூடுமென்று அஞ்சுதல் இயற்கை. ஆதலின் அச்சம் அவலத்தின் உடன்பிறப்பேயன்றிப் பகையன்று.

ஆயின் பகை யாது? மர்மப் படம் எழுப்பும் உணர்ச்சி வெறும் அச்சம் மாத்திரமன்று. அதன் உயிர்நிலை, ‘அடுத்து என்ன நிகழும்?’ என்னும் ஆவலாகும். மர்மப் படங்களை ஆக்குவதிற் பெரும்பெயர் பெற்ற அல்பிரட் ஹிச்கொக், பிரெஞ்சு நெறியாளர் துருபோவுடன் நிகழ்த்திய உரையாடலிலே இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினர். இருவர் மேசையருகே அமர்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கின்றனர். மேசையின் கீழே வெடிகுண்டு ஒன்று உளது. அஃது அங்குள்ளமை காண்போர்க்குத் தெரியாதாயின், அது வெடிக்குங்கால் ஒரு கணத்துத் திடுக்கீடு தோன்றி மறையும். முன்னரே தெரியுமாயின், அப்பேச்சு நிகழும் நேரமெல்லாம் காண்போர் நெஞ்சு படபடத்துக் கொண்டிருக்கும். குற்றவாளி இன்னானென்று தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, அவன் அகப்படுவானா, இன்னொருவர் அவனிடம் அகப்படுவாரா என்று ஏங்கவைக்கும் படங்களெல்லாம் இந்நெறியைப் பின்பற்றியனவே. ‘அழகிய என்புகள்’ என்னும் படமும் அவ்வகையினதே.

இவ்வெடுத்துக்காட்டினுள் ஹிச்கொக் கருதாத இன்னுமோர் உண்மையும் அடங்கியுள்ளது. குண்டுள்ள மேசையைச் சுற்றி அமர்ந்தோர், மகளை இழந்த தாயும் தந்தையும் ஆயின் என்னாகும்? அவர்கள் பேசுவது எத்துணை அரிய பேச்சாயினும் காண்போர் செவி அதிற் செல்லாது. ‘இவர்கள் பேச்சை விடுத்து விரைந்து எழமாட்டார்களா?’ என்றே உள்ளம் தவிக்கும். குண்டு எவ்வளவு திறமையாக வைக்கப்பட்டுள்ளதோ அவ்வளவுக்குத் துயரத்தின் குரல் கேளாமற் போகும். மர்மம் மோசமாக அமைந்தமையால் அவலம் கெடுவதில்லை; மர்மம் நன்றாக அமைந்தமையாலேயே அவலம் கெடுகின்றது. இப்படத்தின் குறைக்கு மூலகாரணம் இதுவே.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை காலத்தைப் பற்றியது. மர்மக் கதையிற் காலம் முன்னோக்கி ஓடுகின்றது. ஒவ்வொரு காட்சியும் அடுத்த காட்சிக்குப் படியாக நிற்கின்றது. வினா எழுகின்றது, விடை வருமென்னும் உறுதியும் உடன் தரப்படுகின்றது. துயரத்திலோ காலம் ஓடுவதில்லை. இறந்தோரின் உடை கொடியிலே தொங்குகின்றது. உணவு வேளையில் ஓர் இருக்கை வெறுமையாக இருக்கின்றது. அடைத்த அறை அடைத்தபடியே கிடக்கின்றது. நேற்றைய நாளே இன்றும் வருகின்றது. ‘ஏன் இவ்வாறு நேர்ந்தது?’ என்னும் வினா எழுமாயினும் அதற்கு விடை கிடையாது. கொலைஞனின் பெயர் அவ்வினாவுக்கு விடையாகாது. ஆதலின், விரைவை விரும்பும் கலையும் நிலைத்து நிற்றலை வேண்டும் கலையும் ஒரு படத்தினுள்ளே ஆட்சிக்குப் போட்டியிடும்போது, விரைவே எளிதில் வெல்லும். மனித உள்ளம் ஆவலின் வழியே இலகுவிற் செல்வது. துயரத்தின்முன் நிற்பதற்கோ பயிற்சியும் பொறுமையும் வேண்டும்.

இனி, இப்படத்தின் காட்சிகள் சிலவற்றைக் கொண்டு இக்கருத்தினை நிறுவலாம்.

முதலாவது, கொலைஞனுக்கு அளிக்கப்பட்ட இடம். ஹார்வியாக நடித்த ஸ்ரான்லி ரூச்சியின் நடிப்பு மிக நுட்பமானது. பொம்மை வீடுகளை இழைத்து இழைத்துச் செய்யும் பொறுமை, அயலாரோடு பேசும்போது காட்டும் அடக்கம், தனித்திருக்கும்போது உள்ளே கொதிக்கும் வேட்கை ஆகியவற்றை அவர் புலப்படுத்திய திறத்தாலேயே, சிறந்த துணைநடிகருக்கான ஒஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. படத்தின் நடிகருள் அப்பேறு பெற்றவர் அவர் ஒருவரே. இது சிந்திக்கற்பாலது. மகளை இழந்தோரைப் பற்றிய படத்திலே, மகளைக் கொன்றவனே மறக்கவொண்ணாதவனாக எஞ்சுகின்றான். நெறியாளர் கமெராவைக் கொலைஞனின் கைகளுக்கும் கண்களுக்கும் அருகே கொண்டு செல்லுகின்றார். தாயின் முகத்துக்கருகில் அத்துணைப் பொறுமையோடு செல்லவில்லை. அபிகேல் வீட்டை விட்டு நீங்குதல் நாவலிற் பல அதிகாரங்களில் வளர்ந்து முதிரும் செய்தியாகும். காவற்றுறை அதிகாரியோடு அவள் கொள்ளும் தகாத உறவும், தாய்மையிலிருந்தே அவள் தப்பியோட விழையும் மனநிலையும் அங்கே விரிவாகக் காட்டப்படுகின்றன. படத்திலோ அவ்வுறவு நீக்கப்பட்டுள்ளது. அவள் போகின்றாள், பின்னர் வருகின்றாள். ஏன் போனாள் என்பது காண்போர் உள்ளத்திற் பதியுமுன்னரே கதை எதிர்வீட்டுக்கு ஓடிவிடுகின்றது.

இரண்டாவது, லின்சி ஹார்வியின் வீட்டினுட் புகும் காட்சி. அவன்மேல் ஐயங்கொண்ட தங்கை, அவன் வெளியே சென்ற வேளையில் நிலவறைச் சாளரத்தை உடைத்து உள்ளே நுழைகின்றாள். அறை அறையாகத் தேடுகின்றாள். தரைப்பலகையின் கீழே மறைத்து வைத்த குறிப்புப் புத்தகம் ஒன்றைக் காண்கின்றாள். அதனைப் புரட்டும்போது கீழே கதவு திறக்கும் ஓசை கேட்கின்றது. பலகை கிறீச்சிடுதல், மேலே ஒரு முகம், கீழே ஒரு செவி, மூச்சடக்கிய அமைதி ஆகிய யாவும் மர்மப் படக் கலையின் இலக்கணத்துக்கு முழுதும் பொருந்த அமைந்துள்ளன. படத்தின் காட்சிகளுள் இதுவே மிகத் திறமையாக ஆக்கப்பட்டது என்று கூறினும் மிகையாகாது. ஆயினும், அக்காட்சி நிகழும் நேரமெல்லாம் சூசியை நினைப்பார் யார்? லின்சி என்னும் சிறுமி அக்காளின் மறைவால் எவ்வாறு மாறினாள் என்பதை எண்ணுவார் யார்? அவள் தப்புவாளா என்பதொன்றே உள்ளத்தை நிறைக்கின்றது. துயருற்ற தங்கை, அச்சிறிது நேரத்துள் எந்த மர்மக் கதையிலும் வரக்கூடிய ஒரு துணிகரப் பெண்ணாக மாறிவிடுகின்றாள்.

மூன்றாவது காட்சி முன்னதன் தொடர்ச்சி; படத்தின் குறையை இதனினும் தெளிவாகக் காட்டவல்லது வேறில்லை. குறிப்புப் புத்தகத்தைக் கையிற் பற்றியவளாய் லின்சி வீட்டுக்கு ஓடி வருகின்றாள். அவ்வேளையிலேயே, நெடுநாட் பிரிந்திருந்த தாயும் வீடு திரும்பியுள்ளாள். தாயும் தந்தையும் ஒருவரையொருவர் நோக்கி நிற்கின்றனர். அவர்தம் இணைவைக் குலைக்க விரும்பாது லின்சி தயங்கி, ஈற்றிற் புத்தகத்தைப் பாட்டியின் கையிற் கொடுக்கின்றாள். பெற்றோரின் மீள்கூட்டமே அவலக் கதையின் உச்சியாதல் வேண்டும். ஈண்டோ லின்சியின் கையிலுள்ள புத்தகம் மேசையின் கீழுள்ள வெடிகுண்டாகிவிட்டது. கொலைஞன் தப்பியோட ஆயத்தமாகின்றான் என்பதைக் காண்போர் அறிவர். கணவனும் மனைவியும் தழுவிக்கொள்ளும் அந்நேரத்தில், ‘புத்தகத்தைக் கொடு, காவற்றுறைக்கு அறிவி’ என்று உள்ளம் கூவுகின்றது. நாவலில் லின்சி ஹார்வியின் வீட்டினுட் புகுதலுக்கும் தாய் திரும்பி வருதலுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிகின்றன. அவ்வாண்டுகளே துயரத்தின் உண்மையான உடம்பு. படம் அவற்றைச் சுருக்கி இரு நிகழ்ச்சிகளையும் ஒரே வேளையிற் கட்டியமையாற் பரபரப்பு மிகுந்தது. துயரம் தனக்குரிய காலத்தை இழந்தது.

நான்காவது, இணைக்காட்சித் தொகுப்பு. வெவ்வேறிடங்களில் ஒரே நேரத்தில் நிகழும் இரண்டினை மாற்றி மாற்றிக் காட்டும் இம்முறை, ஊமைப் படக் காலத்தில் அமெரிக்க நெறியாளர் கிரிபித் முதலியோரால் வளம்பெற்றது. ஆபத்தில் அகப்பட்டோரையும் அவரை மீட்க விரைவோரையும் மாறி மாறிக் காட்டி நெஞ்சைத் துடிக்கச் செய்வதே அதன் பழைய பயன். இப்படத்தின் இறுதியில், சூசியின் உடலை அடைத்த இரும்புப் பெட்டகத்தை ஹார்வி ஒரு பெரும் புதைகுழியை நோக்கி உருட்டுகின்றான். அதேவேளை சூசியின் ஆவி, ரூத் என்னும் பெண்ணின் உடலிற் புகுந்து, தான் காதலித்த இளைஞனிடம் விடைபெறுகின்றது. பழியையும் தன் உடலையும் பொருட்படுத்தாது அன்பைத் தெரிந்தெடுத்துச் சூசி மண்ணுலகை நீங்குகின்றாள் என்பதே அதன் உட்கருத்து. கருத்து உயர்ந்ததே. ஆனாற் பெட்டகம் உருளுந்தோறும், ‘யாரேனும் தடுக்கமாட்டார்களா?’ என்னும் ஏக்கம் மேலெழுகின்றது. நெறியாளர் பழியை மறக்குமாறு வாயாற் கூறுகின்றார். தொகுப்பு முறையாலோ அதனையே நினைக்குமாறு தூண்டுகின்றார்.

ஐந்தாவது, கொலைஞனின் முடிவு. ஹார்வி தப்பியோடி வேறோரிடத்தில் இன்னொரு பெண்ணை அணுக, அவள் மறுத்துச் செல்ல, மேலிருந்து பனிக்கூர் ஒன்று விழுந்து, அவன் நிலைதவறிப் பள்ளத்தில் வீழ்ந்து மடிகின்றான். நாவலிலும் இம்முடிவு உண்டு. ஆங்கு அஃது ஒருபுறத்தே நிகழ்ந்து கழிகின்றது; கதை அவனை ஏறக்குறைய மறந்துவிட்டமையால் அதனாற் குறையில்லை. படமோ அவன் அகப்படுவானா என்று நெடுநேரம் ஏங்கவைத்தது. ஏங்கவைத்தபின் தற்செயலான பனிக்கூரை விடையாகத் தருதல் மர்மக் கதையின் நீதிக்கும் ஒவ்வாது. மர்மத்தை விரும்பி வந்தோர் ஏமாறுகின்றனர். துயரத்தை உணர வந்தோர், கொலைஞன் ஒழிந்தமையோடு எல்லாம் தீர்ந்ததென்னும் பொய்யான ஆறுதலைப் பெறுகின்றனர். இவ்வாறு இரு கலைகளும் ஒருங்கே நட்டமடைகின்றன.

படத்திற் சிறந்த இடங்கள் இல்லையென்பது இவ்வாராய்ச்சியின் முடிபன்று. தந்தை ஜக் புட்டிகளினுள்ளே சிறு கப்பல்களைக் கட்டும் பொழுதுபோக்கினன். அதிற் சூசி அவனுக்குத் துணையாக இருந்தவள். அவள் இறந்தபின் ஒருநாள் அவன் அப்புட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்து நொறுக்குகின்றான். அதேவேளை சூசி நிற்கும் இடையுலகக் கடற்கரையிலே, மாளிகையளவான புட்டிக் கப்பல்கள் அலையில் மிதந்துவந்து பாறையில் மோதிச் சிதறுகின்றன. ஈண்டும் இருவேறு உலகங்கள் மாற்றி மாற்றிக் காட்டப்படுகின்றன. ஆயின் அடுத்து என்ன நிகழுமென்னும் வினா இங்கில்லை. ஒரு தந்தையின் உள்ளம் உடைவதன் பருமை மாத்திரம் காட்டப்படுகின்றது. அவலத்துக்கு அடங்கி நின்றவழி அதே தொகுப்பு முறை எத்துணைப் பயன் தருமென்பதற்கு இக்காட்சியே சான்று.

இந்நிலையில் ஒரு தடை எழலாம். கதையிற் கொலையுளது, கொலைஞன் உளன், ஆதலால் மர்மத்தை நீக்குதல் எவ்வாறு கூடுமென்பது அத்தடை. நீக்குதல் வேண்டுமென்பதன்று கருத்து. அடக்குதல் வேண்டுமென்பதே கருத்து. ஒன்பதாம் நூற்றாண்டிற் காசுமீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், ஒரு காப்பியத்திற் பல சுவைகள் வரினும் ஒன்றே தலைமைச் சுவையாதல் வேண்டும், ஏனையவை உறுப்பாய் நின்று அதனை வளர்த்தல் வேண்டும், உறுப்பாகிய சுவையைத் தலைமைச் சுவையினும் மேலாக வளர்த்தலாகாது என்று வரையறுத்தனர். இராமாயணத்தின் தலைமைச் சுவை அவலமென்பது அவர் துணிபு. கடத்தலும், தேடலும், ஒற்றறிதலும், போரும் அக்காப்பியத்தில் நிரம்ப உள. எனினும் அவையெல்லாம் பிரிவுத் துயரினின்றும் பிறந்து அதனிலேயே சென்றடங்குகின்றன. போரில் வெற்றி கிட்டியும் துயரம் தீர்ந்தபாடில்லை என்பதே அக்காப்பியத்தின் பெருமை.

செகசிற்பியார் என விபுலாநந்த அடிகள் தமிழில் வழங்கிய சேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகமும் அத்தகையதே. ஆவி தோன்றுதல், நஞ்சூட்டல், வேவு பார்த்தல் ஆகிய மர்ம உறுப்புக்கள் அதில் நிறைந்துள்ளன. கொன்றவன் இவனேயென்பது நாடகத்தின் நடுப்பகுதியிலேயே உறுதியாகின்றது. அதன் பின்னரும் நாடகம் தொடர்கின்றதெனின், தந்தையை இழந்த மகனின் உள்ளமே அதன் பொருள் என்பது பெறப்படும். துப்பறிதல் துயரத்தை விரைவுபடுத்தவில்லை. துயரமே துப்பறிதலைத் தாமதப்படுத்துகின்றது.

திரைப்படத்திலும் இவ்வொழுங்கு கைகூடும் என்பதற்கு 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த இரு படங்கள் சான்றாகும். ஒன்று, அன்ட்ரே டியூபஸ் எழுதிய சிறுகதையைத் தழுவி ரொட் பீல்ட் நெறிப்படுத்திய ‘இன் த பெட்றூம்’ என்னும் அமெரிக்கப் படம். மேயின் மாநிலத்துக் கடற்கரை ஊரொன்றில், மருத்துவராகிய மற் பௌலரின் ஒரே மகன், தான் நேசித்த பெண்ணின் முன்னைக் கணவனாற் கொல்லப்படுகின்றான். கொன்றவன் பிணையில் வெளிவந்து அதே ஊரில் உலாவுகின்றான். மகனை இழந்த தாய் கடைக்குச் செல்லுமிடத்தும் அவனைக் காண நேருகின்றது. கணவனும் மனைவியும் முதலில் மௌனம் சாதித்து, பின்னர் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிப் புண்படுத்துகின்றனர். ஈற்றில் தந்தையே கொலைஞனைக் கடத்திச் சென்று கொல்லுகின்றான். இறுதிப் பகுதி முழுவதும் மர்மப் படம் போலவே நடக்கின்றது. ஆயின் அம்மர்மம் வெளியிலிருந்து புகுந்ததன்று. அடைத்துவைத்த துயரம் தானே முற்றி வன்செயலாக வெடித்தது. பழி தீர்த்து விடியற்காலையில் வீடு திரும்பிய மனிதன் கட்டிலிற் கிடக்கின்றான். மனைவி அடுக்களையிலிருந்து கோப்பி வேண்டுமாவென்று கேட்கின்றாள். அவனிடம் மறுமொழியில்லை. வினாவுக்கு விடை கிடைத்தும் துயரம் குறையவில்லை, கூடியே உளது என்பதை அம்மௌனம் உணர்த்துகின்றது.

மற்றையது, அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப் பனையோலைப் பரிசு பெற்ற ‘மகனின் அறை’ என்னும் இத்தாலியப் படம். நன்னி மொரெற்றி அதனை நெறிப்படுத்தித் தாமே தந்தையாகவும் நடித்தனர். அன்கோனா நகரத்து உளப்பகுப்பு மருத்துவர் ஒருவர், ஒரு ஞாயிறன்று மகனோடு ஓடச் செல்ல எண்ணியிருந்தவர், நோயாளி ஒருவரின் அழைப்பால் வேறிடம் செல்கின்றார். அன்று கடலினுள் மூழ்கி நீந்தச் சென்ற மகன் இறக்கின்றான். இங்கே கொலையில்லை, குற்றவாளியுமில்லை. எனினும் துப்பறிதல் போன்ற ஒன்று நிகழ்கின்றது. மகன் பயன்படுத்திய சுவாசக் கருவி பழுதுற்றிருக்குமோ என்று தந்தை ஐயுற்று ஆராய்கின்றார். அவ்வாராய்ச்சி எங்கும் சென்று முடிவதில்லை. குற்றஞ்சாட்டுதற்கு ஒருவரையேனும் ஒன்றையேனும் தேடும் தந்தையின் மனப்புண்ணே அதனால் வெளிப்படுகின்றது. ‘அழகிய என்புக’ளில் துப்பறிதல் கதையை ஓட்டும் சக்கரம், இங்கே அது துயரத்தின் நோய்க்குறி. சவப்பெட்டியின் மூடியைப் பற்றவைத்துத் திருகாணியிட்டு மூடும் ஓசையினும் கொடிய திகிலை எந்த மர்மப் படமும் தந்ததில்லை எனலாம்.

இவ்விரு படங்களோடு ஒப்பிடுமிடத்து ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. காண்போர் நெஞ்சில் எழும் ஆவல், துயருற்றோரின் நெஞ்சிலிருந்து பிறந்ததா, அன்றி அவரைக் கடந்து நெறியாளராற் புறத்தே கட்டப்பட்டதா என்று வினாவுதல் வேண்டும். முன்னதாயின் மர்மம் அவலத்துக்கு உறுப்பாகும். பின்னதாயின் அது விருந்தினனாக வந்து வீட்டையே கைப்பற்றிக் கொள்ளும். கொலைஞன் ஒழிந்தபின் காண்போர் எழுந்து செல்ல விழைகின்றனரா, அன்றித் துயருற்றோரோடு இன்னும் சிறிது இருக்க விழைகின்றனரா என்பது இரண்டாவது அளவுகோல்.

இதனை வெறும் அழகியல் நுணுக்கமென்று ஒதுக்குதல் தகாது. சூசியின் பெற்றோர்க்குக் கிடைத்தது ஒரு தொப்பி, உடல் கிடைக்கவில்லை. உடல் காணாத துயரம் எத்தகையதென்பதை இந்நாட்டு மக்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. போர்க்காலத்திற் காணாமற் போனோரின் ஒளிப்படங்களைக் கையிலேந்தி ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் தாய்மாரை இம்மண் அறியும். அத்தாய்மாரும் உண்மையை அறிய வேண்டுமென்றே கேட்கின்றனர், நீதியையும் கேட்கின்றனர். அவ்வினாவுக்கு விடை பெறுதற்கு அவர்க்கு முழு உரிமையும் உண்டு. ஆயினும் விடை கிடைத்த அன்றே அவர் துயரம் முடிந்துவிடுமென்று எவரேனும் கருதின், அது துயரத்தை அறியாதார் கருத்தேயாகும். பிறர் துயரை, முடிவு தெரிந்தவுடன் மூடிவைக்கும் கதையாகக் காணப் பழகிய கண்கள், வாழ்விலும் அவ்வாறே காணத் தலைப்படும். கலை பழக்கும் பார்வையே வாழ்விலும் பார்வையாகின்றது.

மர்மக் கதை தாழ்ந்த கலையன்று. அதற்கெனத் தனி இடமும் தனிச் சிறப்பும் உள. விடை காணும் இன்பம் மனித அறிவுக்கு இயல்பானது. எனினும் விடை காண இயலாத இடத்திலே உடனிருந்து துணைசெய்வது மனித அன்புக்கு உரியது. இழவு வீட்டுக்குச் செல்வோர், என்ன நேர்ந்ததென்று வாயிலில் வினாவியறிந்தபின் உள்ளே சென்று பேசாதிருந்து துயரைப் பகிர்தல் தமிழர் வழக்கு. வாயிலில் வினாவியதோடு திரும்பிச் செல்வோர் இழவு வீட்டைக் கண்டவராகார். ‘அழகிய என்புகள்’ காண்போரை வாயில்வரை மிகத் திறமையாக அழைத்துச் சென்று, உள்ளே இருத்தாமலே திருப்பியனுப்பிய படமாகும்.